கோடிட்ட இடத்தில் நல்ல வார்த்தை

கல்யாணமான புதிதில் ஒரு நாள் காலையில் என் வீட்டுக்காரரிடம், "ஏங்க, அரிசி நிறைஞ்சிருக்கு" என்றேன். "நல்லதுலா" என்று சொல்லிவிட்டு மனுஷன் மோட்டார் சைக்கிளை எடுத்துக்கொண்டு வேலைக்குப் போய்விட்டார். சாயங்காலம் வந்து, கை கால் கழுவி, தட்டைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்து, "சோறு எங்க?" என்று கேட்டார். எனக்கு வந்த கோபத்தை இப்போது நினைத்தாலும் சிரிப்பு வருகிறது. எங்கள் பக்கத்தில் அரிசி தீர்ந்துபோனால் தீர்ந்துவிட்டது என்று சொல்ல மாட்டோம். நிறைந்திருக்கிறது என்போம். தோட்டத்து லயத்து வீட்டில் பிறந்த நண்டு சிண்டுக்குக்கூட அது தெரியும். இவர் ஈப்போ டவுனில் கடை வீட்டு மாடியில் வளர்ந்தவர், பாவம்.

"நிறைஞ்சிருக்குன்னா நிறைய இருக்குன்னுதானே நெனைப்பேன்?" என்று நியாயம் பேசினார்.

"காலி டின்னக் கவுத்துப் பிடிச்சுக்கிட்டு நிக்கிறேன். அது கண்ணுக்குத் தெரியலையா உங்களுக்கு?"

அன்றைக்கு ரொட்டி சானாய் வாங்கி வந்து என்னைச் சமாதானப்படுத்தினார்.

எங்கள் அம்மா வளர்த்த வளர்ப்பு அப்படி. அம்மா பால்மரம் சீவியவள், கித்தா என்கிற ரப்பர்த் தோட்டத்தைத் தவிர வேறு உலகம் பார்க்காதவள், ஆனால் வாய் விஷயத்தில் மகா கண்டிப்பு. வீட்டில் 'இல்லை' என்று சொல்லக் கூடாது. விளக்கை அணை என்று சொல்லக் கூடாது, குளிர வை என்று சொல்ல வேண்டும். வெளியே கிளம்பும்போது 'போறேன்' என்று வாய் தவறிச் சொன்னால் முதுகில் ஒன்று விழும். யாருக்காவது உடம்பு சரியில்லை என்றால், எப்படி இருக்கிறது என்று கேட்பவர்களிடம் 'இப்பப் பரவால்ல' என்றுதான் சொல்ல வேண்டும், அந்த ஆள் பாயோடு பாயாகக் கிடந்தாலும். "வாய்ல நல்ல வார்த்தை வரட்டும். மேல தேவதைங்க 'அப்படியே ஆகட்டும்'னு சொல்லிக்கிட்டே திரியும்" என்பாள். நானும் அந்தத் தேவதைகளுக்குப் பயந்தே வளர்ந்தேன். தோட்டத்தை விற்று, மரங்களை வெட்டி, ஈப்போவுக்கு வெளியே செமோர் பக்கத்தில் வரிசை வரிசையாக வீடு கட்டிவிட்டார்கள். அந்த வீடுகளில் ஒன்றில்தான் இப்போது குடியிருக்கிறேன். தோட்டம் போனாலும் தேவதைகள் என்னோடு வந்துவிட்டன.

இந்தப் பழக்கம் ஒரு நாள் என்னை ஆங்கிலப் பரீட்சையில் குப்புறத் தள்ளும் என்று யார் கண்டது?

ஈப்போவில் ஒரு முதியோர் இல்லத்தில் எனக்கு வேலை. பழைய பங்களா, முன்னால் ஒரு பெரிய மாமரம், உள்ளே வரிசையாகக் கட்டில்கள். குளிப்பாட்டுவது, ஊட்டுவது, துணி மாற்றுவது, தலை சீவி விடுவது எல்லாம் நான்தான். பிடித்த வேலை. ஒன்றே ஒன்றுதான் எனக்கு ஆகாது. வாரம் ஒரு முறை டாக்டர் வருவார். அவர் வந்ததும் நர்ஸ் மட்டும் கூட நிற்பார். எங்களைப் போன்ற உதவியாளர்கள் அறைக்கு வெளியே போய்விட வேண்டும். கதவு சாத்திக்கொள்ளும். உள்ளே அந்தப் பெரியவர்களைப் பற்றி ஆங்கிலத்தில் பேசுவார்கள். காலையில் என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதவரைப் பற்றி உள்ளே என்ன சொன்னார்கள் என்று எனக்குத் தெரியாது. அந்தக் கதவைப் பார்த்தாலே எரிச்சலாக வரும்.

நர்ஸின் கணவருக்கு ஜொகூருக்கு வேலை மாற்றலாகிவிட்டது. நர்ஸும் கூடப் போய்விடுவார் என்று தெரிந்ததும் இல்லத்தின் முதலாளியம்மா என்னைக் கூப்பிட்டார். சீனத்தி, மலாயில்தான் என்னோடு பேசுவார். டவுனில் ஒரு கல்லூரியில் முதியோர் பராமரிப்புக்குச் சான்றிதழ் வகுப்பு நடக்கிறது, அதில் சேர்ந்தால் டாக்டர் வரும்போது நோயாளிக்குப் பொறுப்பான ஆளாக நான் நிற்கலாம், ஆனால் சேர்வதற்கு முன்னால் ஆங்கிலத்தில் ஒரு நுழைவுப் பரீட்சை இருக்கிறது என்றார். "லூ பாஸ், லூ மாசோக் லா" என்று முடித்தார். நீ பாஸ் பண்ணினால் நீ உள்ளே. அவ்வளவுதான். அதைக் கேட்ட பிறகு எனக்கு வேறு எதுவும் வேண்டாம் என்று ஆகிவிட்டது. உள்ளே நிற்க வேண்டும். அந்தக் கதவு சாத்திக்கொள்ளும்போது நான் இந்தப் பக்கம் இல்லாமல் அந்தப் பக்கம் இருக்க வேண்டும்.

நான் மூன்றாம் படிவத்தோடு பள்ளிக்கு முழுக்குப் போட்டவள். இருந்தாலும் இங்கிலீஷ் ஒன்றும் எனக்கு முழுக்க அந்நியமில்லை. டீவி பார்ப்பேன், மருந்துப் பாட்டிலைப் படிப்பேன், அரைகுறையாகப் பேசுவேன். தைரியமாகப் போய் எழுதினேன். ஃபெயில். அதிலும் வாக்கியத்தில் கோடு போட்டு, கீழே நாலு சொல் கொடுத்து, பொருத்தமானதை எடு என்று கேட்கும் பகுதியில்தான் மானம் கப்பலேறியது. வீட்டுக்கு வந்து மிளகாய்த் தூள் டப்பாவை மேசை மேல் டொக்கென்று வைத்தேன். மறுநாள் வீட்டுக்காரரே விசாரித்து, பழைய டவுனில் ஒரு கடை மாடியில் பெரியவர்களுக்கு நடக்கும் டியூஷன் வகுப்பில் என் பேரைப் போட்டுவிட்டு வந்தார்.

வாத்தியார் என்னைவிடச் சின்னவர். தாடி சரியாக முளைக்காத முகம். என்னை 'அக்கா' என்பார், நான் அவரை 'சார்' என்பேன். முதல் நாளே பலகையில் ஒரு வாக்கியம் எழுதி, நடுவில் கோடு போட்டு, "எல்லாரும் இந்தக் கோசோங்கயே, இந்தக் காலி எடத்தயே முறைச்சுப் பாக்கறீங்க. அங்க ஒண்ணும் இல்ல. அதுக்கு அக்கம் பக்கத்துல இருக்கற வார்த்தைங்களப் பாருங்க. அதுங்க வாயை மூடிக்கிட்டே இருக்காதுங்க" என்றார். 'பிகாஸ்' என்று வந்தால் காரணம் சொல்ல வருகிறது, முன்னால் இருப்பதும் பின்னால் இருப்பதும் ஒரே திசையில் போகும். 'பட்', 'ஆல்தோ', 'டிஸ்பைட்' என்று வந்தால் வண்டி திரும்பப் போகிறது என்று அர்த்தம்; ஒரு பக்கம் நல்லது இருந்தால் மறுபக்கம் கெட்டது, ஒரு பக்கம் கெட்டது இருந்தால் மறுபக்கம் நல்லது. அர்த்தம் தெரியாத சொல்லாக இருந்தாலும் அது எந்தப் பக்கத்து ஆள் என்று கண்டுபிடித்துவிடலாம்.

அடடே, இது நான் தினமும் செய்கிற வேலை அல்லவா என்று தோன்றியது. என் வீட்டுக்காரர் அவர் தங்கையோடு ஃபோனில் பேசுவார். எனக்குக் கேட்பது இவர் பக்கம் மட்டும்தான். "ம்ம்... அப்படியா... சரி, வாங்கிக் குடுத்துடறேன்... ஆனா உங்க அண்ணிகிட்ட இப்ப வேணாம்." அவ்வளவு போதும் எனக்கு. அந்தப் பக்கம் என்ன கேட்டாள், எதற்குக் கேட்டாள், எப்போது வருகிறாள் வரைக்கும் சொல்லிவிடுவேன். வகுப்பில் படித்ததை அவரிடம் சொன்னபோது, "ஏற்கெனவே நீ பெரிய சிஐடி. இதுல காசு கட்டி வேற படிக்கிறியா?" என்றார். அதற்குப் பிறகு ஃபோனை எடுத்துக்கொண்டு கேட்டுக்கு வெளியே போய்ப் பேச ஆரம்பித்தார்.

அப்படி எல்லாம் புரிந்துகொண்ட நான் வகுப்புப் பரீட்சையிலும் பாதிக்குப் பாதி தப்பாகத்தான் எழுதினேன். வாத்தியாருக்கு மண்டை காய்ந்தது. குறிப்புச் சொல்லுக்குக் கீழே பென்சிலால் கோடு போடச் சொன்னார். போட்டேன். எல்லாம் சரியான சொல்லுக்குக் கீழேதான் போட்டிருந்தேன். நாலு விடைக்கும் அர்த்தம் கேட்டார். சொன்னேன். அதுவும் சரி. "அப்புறம் ஏங்கா கடைசில தப்பானத டிக் பண்றீங்க?" என்று தலையில் கை வைத்துக்கொண்டார். எனக்கும் தெரியவில்லை. தெரிந்தால் செய்வேனா?

ஒரு நாள் என் பழைய தாள்களை எல்லாம் மேசையில் பரப்பி வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். நான் போனதும், "அக்கா, இங்க வாங்க. ஒரு விஷயம் கண்டுபிடிச்சிட்டேன்" என்றார். ஒரு பக்கம் நான் சரியாக எழுதிய கேள்விகள். விவசாயி கடுமையாக உழைத்ததால் விளைச்சல் செழித்தது. சரி. வீட்டில் வசதி குறைவாக இருந்தும் அந்தப் பெண் நன்றாகப் படித்தாள். சரி. இன்னொரு பக்கம் தப்பாக எழுதியவை. பல வருடம் பராமரிக்காமல் விட்டதால் அந்தப் பாலம் கடைசியில் என்ன ஆனது? நான், 'நின்றது'. அம்மா இடைவிடாமல் பிரார்த்தனை செய்தும் பிள்ளையின் காய்ச்சல் என்ன ஆனது? நான், 'இறங்கியது'. எல்லாரும் பிரமாதமாக நடக்கும் என்று எதிர்பார்த்த கல்யாணம், ஆனால் கடைசியில் எப்படி முடிந்தது? நான், 'அழகாக'.

"நல்லது நடக்கற கேள்வி அத்தனையும் கரெக்ட். கெட்டது நடக்கற கேள்வி அத்தனையும் தப்பு" என்றார். "நீங்க தெரியாம எழுதல. கெட்டது எழுத மாட்டேங்கறீங்க."

எனக்குச் சுருக்கென்றது. அவர் சொன்னது உண்மை. உண்மை என்பதாலேயே கோபம் வந்தது.

"அந்த அம்மா சாமிகிட்ட வேண்டிக்கிட்டு நிக்கிறாங்க சார். காய்ச்சல் ஏறிச்சுன்னு நான் எப்படி எழுதுவேன்?"

"அக்கா, அந்தப் புள்ளைய நீங்க பாத்திருக்கீங்களா?"

"எந்தப் புள்ள?"

"அந்தக் காய்ச்சல் புள்ள."

"பாக்கல."

"அப்படி ஒரு புள்ளயே கெடையாதுக்கா!"

"ஐயோ, கெடையாதுன்னு சொல்லாதீங்க சார்!" என்று காதைப் பொத்திக்கொண்டேன்.

வகுப்பே சிரித்தது. பின் வரிசையில் இருந்த ஒருவர் மேசையைத் தட்டித் தட்டிச் சிரித்தார். எனக்கு முகமெல்லாம் சூடாகிவிட்டது. "இந்தக் கேள்வித்தாள் எழுதறவங்களுக்கு வேற வேலையே இல்லையா? பாலம் இடியணும், பயிர் காயணும், கெழவன் மண்டையப் போடணும். ஒரு தாள்லயாச்சும் எல்லாரும் சந்தோஷமா இருக்கறாங்களா?" என்று கத்தினேன். பையை எடுத்துக்கொண்டு எழுந்தேன். அந்தக் கோபத்திலும் "போயிட்டு வாரேன்" என்று சொல்லிவிட்டுத்தான் படி இறங்கினேன்.

அடுத்த வகுப்புக்குப் போகாமல் இருந்திருப்பேன். வீட்டுக்காரர்தான் விடவில்லை. "உள்ள நிக்கணும் உள்ள நிக்கணும்னு எத்தன நாளா என் உசுர வாங்கின. இப்ப ஒரு இல்லாத பாலத்துக்காக விட்டுடுவியா?" என்றார். போனேன். வாத்தியார் அன்றைக்குச் சிரிக்கவில்லை. பக்கத்தில் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, மெதுவாகச் சொன்னார்: "அக்கா, கோசோங்ல நீங்க ஆசைப்படறத எழுதச் சொல்லல. அந்த வாக்கியம் என்ன சொல்லுதோ அதச் சொல்லுங்க. நீங்க எழுதறதால காய்ச்சல் ஏறப் போறதில்ல. அது ஏற்கெனவே ஏறிடுச்சு. யாரும் இன்னும் சொல்லல, அவ்வளவுதான்." கொஞ்சம் யோசித்துவிட்டு, "வேணும்னா டிக் பண்ணிட்டு, மனசுக்குள்ள அந்தப் புள்ளைக்கு வேண்டிக்குங்க" என்றும் சேர்த்துக்கொண்டார்.

இது நல்ல யோசனையாகப் பட்டது. அன்றிலிருந்து ஒவ்வொரு கெட்ட விடைக்கும் ஒரு வேண்டுதல். பாலம் இடிந்ததா, கீழே யாரும் போயிருக்கக் கூடாது முருகா. பயிர் காய்ந்ததா, அடுத்த வருஷம் மழை பெய்யட்டும். வீட்டில் உட்கார்ந்து நான் கண்ணை மூடிக்கொண்டு முணுமுணுப்பதைப் பார்த்து வீட்டுக்காரர், "அந்தத் தாளுக்கு ஒரு கற்பூரம் காட்டிரலாமா?" என்று கேட்டார். விடைகள் சரியாக வர ஆரம்பித்தன. ஆனால் வேண்டிக்கொண்டே எழுதியதில் நேரம் பத்தவில்லை. கடைசிப் பக்கம் வெறுமையாக இருக்கும்போதே மணி அடித்துவிடும். கை இன்னும் தயங்கியது. தலைக்குப் புரிந்தது, கைக்குப் புரியவில்லை.

கைக்குப் புரிந்தது வேறு இடத்தில்.

எங்கள் இல்லத்தில் ஒரு பெரியவர் இருக்கிறார். தமிழ் முஸ்லிம், ஈப்போவில் நாசி கண்டார் சாப்பாட்டுக் கடை வைத்து நடத்தியவர். நாங்கள் எல்லாரும் அவரை நானா என்போம். பக்கவாதம் வந்து ஒரு கை விழுந்துவிட்டது, பேச்சும் குறைவு. ஆனால் கண் மட்டும் கடை முதலாளிக் கண். நான் ஊற்றும் தேத்தண்ணியின் நிறம் சரியில்லை என்றால் அந்தக் கண்ணாலேயே திருப்பி அனுப்பிவிடுவார். அவருடைய மகன் கோலாலம்பூரில் இருக்கிறார். வரும்போதெல்லாம் நடையில் என்னைப் பார்த்து, "அக்கா, அத்தா எப்படி இருக்காங்க?" என்று கேட்பார். "நல்லா இருக்காங்க தம்பி" என்பேன். அவர் முகம் மலரும். எனக்கும் அது சந்தோஷம்.

அந்த வாரம் நானாவுக்குப் புதிதாக ஒரு இருமல். தண்ணியோ தேத்தண்ணியோ குடிக்கும்போது மட்டும் வரும். முதலில் ஒன்றிரண்டு செருமல்தான். அப்புறம் கண்ணில் நீர் வரும் அளவுக்கு ஆனது. நர்ஸிடம் சொல்ல வேண்டும் என்று நினைத்துக்கொண்டிருந்தபோதே அவர் வீடு பார்க்க ஜொகூருக்குப் போய்விட்டார். மறுநாள் டாக்டர் வந்தார். நானாவின் மகனும் வந்திருந்தார். முதலாளியம்மா சுற்றுமுற்றும் பார்த்துவிட்டு, என் முதுகில் கை வைத்து அறைக்குள் தள்ளினார். "லூ மாசோக்." கதவு சாத்திக்கொண்டது.

எவ்வளவு நாள் ஏங்கிய இடம்! உள்ளே போய் நானாவின் கட்டில் ஓரமாக நின்றேன். டாக்டர் நிமிர்ந்து பார்க்காமலே, இவர் எப்படிச் சாப்பிடுகிறார் என்று ஆங்கிலத்தில் கேட்டார். மகன் என்னைப் பார்த்தார். நானாவும் பார்த்தார். என் வாய் பழக்க தோஷத்தில், நன்றாகச் சாப்பிடுகிறார் என்று ஆரம்பித்துவிட்டது. அதோடு நிறுத்தியிருந்தால் எல்லாருக்கும் சந்தோஷம். ஆனால் வாரக்கணக்காக நான் கோடு போட்டுக்கொண்டிருந்த அந்தச் சொல், எனக்கே தெரியாமல் அடுத்து வந்து விழுந்தது. "பட்."

டாக்டர் நிமிர்ந்தார். மகன் கையிலிருந்த ஃபோனைப் பையில் வைத்தார். 'பட்' என்று சொல்லியாகிவிட்டது. அதற்குப் பின்னால் இன்னொரு நல்ல வார்த்தையைப் போட முடியாது. போட்டால் வாக்கியமே நிற்காது. அம்மாவும் அவள் தேவதைகளும் என் தோள் மேல் உட்கார்ந்திருந்தார்கள். நானாவின் முகத்தைப் பார்த்தேன். அந்தக் கண் என்னை மேலே சொல் என்றது. சத்தியமாகச் சொல்கிறேன், கெஞ்சியது.

"குடிக்கும்போது இருமுகிறார். ஒவ்வொரு நாளும் மோசமாகிறது" என்று எனக்குத் தெரிந்த ஆங்கிலத்தில் சொன்னேன். 'மோசமாகிறது' என்று உயிரோடு இருக்கும் ஒரு மனிதரின் முகத்துக்கு நேரே சொன்னது என் வாழ்க்கையில் அதுதான் முதல் தடவை.

நானா கண்ணை மூடினார். ஐயோ, மனம் உடைந்துவிட்டாரோ என்று எனக்குப் பகீரென்றது. அவர் நல்ல கையால் கட்டில் கம்பியைத் தட்டி, "ஆமா" என்றார். குழறலாக வந்தாலும் எல்லாருக்கும் கேட்டது. "ஆமா. கஷ்டமா இருக்கு." அவருக்கு அது தெரிந்தே இருந்திருக்கிறது. தெரிந்தும், பார்க்க வருகிறவர்கள் எல்லாரும் நல்லா இருக்கீங்க நல்லா இருக்கீங்க என்று சொல்லிக்கொண்டே இருந்ததில், அவர் பாட்டுக்குத் தனியாக இருமிக்கொண்டிருந்திருக்கிறார். எனக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது.

டாக்டர் ஒரு டம்ளர் தண்ணீர் கொண்டுவரச் சொல்லி, ஒரு கரண்டி கொடுத்துப் பார்த்தார். நெஞ்சில் குழாய் வைத்துக் கேட்டார். விழுங்கும்போது தண்ணீர் தப்பான வழியில் போகிறது, இப்படியே விட்டால் நுரையீரலில் சளி கட்டும், நல்ல வேளை இப்போதே தெரிந்தது என்றார். பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பிப் பார்த்தார்கள். குடிக்கிற எதையும் மாவு கலந்து கெட்டியாக்கித்தான் கொடுக்க வேண்டும், நிமிர்ந்து உட்கார வைத்துத்தான் ஊட்ட வேண்டும் என்று சொல்லி அனுப்பினார்கள். இருமல் குறைந்தது. மகன் என்னிடம், "நீங்க சொன்னது நல்லதாப் போச்சுக்கா. இனிமே எதுன்னாலும் அப்படியே சொல்லுங்க" என்றார். நானாவுக்கு மட்டும் அந்தக் கெட்டித் தேத்தண்ணி சுத்தமாகப் பிடிக்கவில்லை. "இது தேத்தண்ணியா, கஞ்சியா?" என்று கடையில் வேலைக்காரனை விரட்டுவது போல என்னை விரட்டினார். அவர் வாயில் அத்தனை சொல் ஒன்றாக வந்ததைக் கேட்டு நான் சந்தோஷமாகத் திட்டு வாங்கிக்கொண்டேன்.

அந்த வாரம் வகுப்பில் வாத்தியார் கொடுத்த தாளில் ஒரு கப்பல் மூழ்கியது, ஒரு ஊர் வெள்ளத்தில் போனது, ஒரு வியாபாரி ஏமாந்தான். எல்லாவற்றையும் டிக் செய்துவிட்டு நிமிர்ந்தபோது நேரம் மிச்சம் இருந்தது. வாத்தியார் தாளைப் பார்த்துவிட்டு என்னைப் பார்த்தார். "வேண்டிக்கலையா அக்கா?"

"கப்பலுக்கு மட்டும் வேண்டிக்கிட்டேன் சார். மத்தவங்க பொழைச்சுக்குவாங்க."

இரண்டாவது முறை கல்லூரிக்குப் போய் எழுதினேன். கோடிட்ட இடப் பகுதியில் கை தயங்கவே இல்லை. கடைசியில் மட்டும் ஒரு சோதனை. முதியோரைக் கவனிப்பது பற்றிச் சொந்தமாக ஒரு பக்கம் எழுத வேண்டும். அதில் சொதப்பினேன். எழுத்துக்கூட்டல் தெரியாமல் பாதி இடத்தில் சொல்லை மாற்றி மாற்றிப் போட்டேன். வெளியே வந்ததும் வாசலில் காத்திருந்த வீட்டுக்காரர், "எப்படி?" என்றார். "கோடு எல்லாம் நல்லா போட்டேன். எழுத்துதான் ரொம்ப சூசா" என்றேன். அவர் ஹெல்மெட்டை நீட்டினார். கஷ்டமாக இருந்தது என்று நானாக ஒத்துக்கொண்டதை அவர் அன்றைக்குத்தான் கேட்டிருப்பார்.

முடிவு ஃபோனுக்கு வரும் என்றார்கள். நாள் போய்க்கொண்டே இருந்தது. நர்ஸ் பெட்டி கட்ட ஆரம்பித்துவிட்டார். எனக்கு இடம் கிடைக்காவிட்டால் வெளியிலிருந்து வேறு ஆளை எடுப்பதாக முதலாளியம்மா சொல்லிவிட்டார். அது அவர் தப்பில்லை, இல்லத்துக்கு ஆள் வேண்டும். ஃபோன் சிணுங்கும்போதெல்லாம் எனக்குத் தூக்கிவாரிப் போட்டது.

அந்த முடிவு வந்தபோது நான் நானாவுக்குக் காலைக் கஞ்சி ஊட்டிக்கொண்டிருந்தேன். இரண்டு கையிலும் உறை, உறையெல்லாம் கஞ்சி. ஃபோன் சன்னல் திட்டில் கிடந்து அதிர்ந்தது. நர்ஸ் எட்டிப் பார்த்தார். "காலேஜ்தான்" என்றார். ஃபோன் பூட்டியிருந்ததால் முதல் வரி மட்டும் தெரிந்தது. அதற்கு மேல் வெட்டிப் புள்ளி வைத்திருந்தது. அவர் படித்தார், படித்தவுடன் முகம் தொங்கிவிட்டது. "எழுத்துப் பகுதியில உங்க மார்க் 'பிலோ'ன்னு போட்டிருக்குக்கா. குறைவாம்." என் தோளைத் தொட்டார். "பரவால்ல, விடுங்க."

கரண்டியைக் கிண்ணத்தில் வைத்தேன். "சிஸ்டர், அந்த வரியில முதல் வார்த்தை என்ன?"

மறுபடி பார்த்தார். "ஆல்தோ."

"ஆல்தோவா? சரியாப் பாருங்க."

"ஆல்தோதான். 'ஆல்தோ யுவர் மார்க்ஸ்'னு ஆரம்பிக்குது."

எனக்குக் கிடைத்துவிட்டது என்று வாய் வரைக்கும் வந்துவிட்டது. அதை அங்கேயே பிடித்து நிறுத்தினேன். பெண்ணே, இரு. இது வழக்கம் போல நீ ஆசைப்படுவதா, இல்லை அந்த வாக்கியம் சொல்வதா? ஆயுசு முழுக்கக் காலியாக இருந்த இடத்தில் எல்லாம் நல்லதையே போட்டு நிரப்பியவள் நீ. உன்னை எப்படி நம்புவது? திரும்ப ஒரு முறை மெதுவாக யோசித்தேன். முதலில் 'ஆல்தோ'. அதற்குப் பக்கத்திலேயே மார்க் குறைவு. கெட்டது முன்னாலேயே வந்துவிட்டது. அப்படியென்றால் வண்டி திரும்பப் போகிறது. நல்லதை நோக்கித்தான் திரும்ப வேண்டும். வேறு வழியே இல்லை.

"கிடைச்சிருச்சு சிஸ்டர்" என்றேன்.

"இன்னும் திறக்கவே இல்லையேக்கா! மறுபடி வந்து எழுதலாம்னுகூட இருக்கலாம்லா."

அதுவும் சரிதான். மறுபடி எழுதலாம் என்பதும் ஒரு நல்லதுதானே. எவ்வளவு பெரிய நல்லது என்பதுதான் தெரியாது. உறையைக் கழற்றக்கூடப் பொறுமையில்லாமல் பூட்டு எண்ணைச் சத்தமாகவே சொன்னேன். நர்ஸ் திறந்தார். உதடு அசைய, உள்ளுக்குள்ளேயே படித்தார். பாவி, சத்தமாகப் படித்தால் என்ன! பிறகு ஃபோனை என் முகத்துக்கு நேரே திருப்பிப் பிடித்தார். கண்ணாடி இல்லாமலே படித்தேன். எழுத்தில் மார்க் குறைவாக இருந்தாலும் மற்றப் பகுதிகளில் தேறியிருப்பதால் வகுப்பில் சேர்த்துக்கொள்கிறோம், அதோடு கூட எழுத்துப் பயிற்சி வகுப்பு ஒன்றுக்கும் கட்டாயம் வர வேண்டும்.

நான் போட்ட சத்தத்தில் பக்கத்து அறையில் யாரோ என்னவென்று கேட்டார்கள். அழுதேன். கஞ்சிக் கையோடு நர்ஸைக் கட்டிக்கொண்டு, அவருடைய வெள்ளைச் சட்டையை நாசம் செய்தேன். நானா கட்டிலில் இருந்து எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். ஊட்டுவதைப் பாதியில் நிறுத்தியதில் அவருக்குக் கோபம்.

"என்னவாம்?" என்றார்.

"படிக்க இடம் கிடைச்சிருச்சு நானா. ஆனா என் எழுத்து ரொம்ப மோசமாம். அதுக்குன்னு தனியா ஒரு கிளாசுக்குப் போகணுமாம்."

"எழுதிப் பழகு" என்று சொல்லிவிட்டு வாயைத் திறந்தார். புது உறை மாட்டிக்கொண்டு மிச்சக் கஞ்சியை ஊட்டினேன். கேட்டவர்களுக்கெல்லாம் அன்று பூராவும் அதையே சொன்னேன், முதலாளியம்மாவுக்கு மலாயில், வாத்தியாருக்கு ஃபோனில், இடம் கிடைத்தது, எழுத்து மோசம் என்று இரண்டையும் சேர்த்தே. சாயங்காலம் செமோருக்கு மோட்டார் ஓட்டிக்கொண்டு திரும்பும்போதுதான், அந்த இரண்டாவது பாதியை மறைக்க வேண்டும் என்று எனக்கு ஒரு தடவைகூடத் தோன்றவில்லை என்பது உறைத்தது.